திரைக்கு முன்னால் ஒரு சார்ஜென்ட்

சார்ஜென்ட் லொனி ஹக்கபியை அந்தப் பிரிவுக்கு மாற்றியதற்கு ஒரே காரணம், அவன் நிஜமாகவே சண்டை போட்டவன் என்பதுதான். அதுவரை அந்தப் பிரிவில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை.

பிரிவின் பெயர் இளைஞர் நல்லுறவு விளையாட்டுப் பிரிவு. வேலை, கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவது. எட்டுப் பேர் குளிரூட்டிய கூடத்தில், சாய்ந்தால் படுக்கையாகிவிடும் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, காலை முதல் சாயங்காலம்வரை முகம் தெரியாதவர்களைத் தலையில் சுடுவார்கள். நாடு முழுக்க இளவட்டங்கள் அதை நேரலையில் பார்ப்பார்கள். பார்த்து மயங்கிப் படையில் சேருவார்கள் என்பது கணக்கு. எட்டுப் பேருக்கும் சீருடை உண்டு. சீருடையின் மார்பில் ஒரு குளிர்பானக் கம்பெனியின் முத்திரையும் உண்டு. காலையில் கொடி வணக்கம் முடிந்ததும் கட்டைவிரல் பயிற்சி நடக்கும்.

வினை, பார்க்க வந்தவர்களிடமிருந்து வந்தது. "நீங்கள்லாம் எங்க சண்டை போட்டீங்க?" என்று ஒருவன் நேரலையில் கேட்டுவைக்க, ஆட்டக்காரர்களில் ஒருவன் வெள்ளந்தியாக, "டாலஸ்ல. அரையிறுதியில தோத்துட்டோம்" என்று சொல்லிவிட்டான். நாடே சிரித்தது. மறுவாரமே, பாலைவனத்தில் இடது கையின் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்து, கிடங்கில் கூடாரத் துணி மடித்துக்கொண்டிருந்த லொனிக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் பிரிண்ட்லி எழுந்து நின்று கைகொடுத்தார். பளபளவென்று சவரம் செய்த முகம். எதைச் சொன்னாலும் மைக்கில் சொல்வது போலவே சொல்வார்.

"ஹக்கபி, நம்ம பிரிவுல எல்லாம் இருக்கு. நம்பகத்தன்மை ஒண்ணுதான் இல்ல. அதுக்குத்தான் உன்ன வரவழைச்சேன். உக்காரும்போது கைய மட்டும் காமிராவுக்குத் தெரியற மாதிரி வெச்சுக்க."

"எந்தக் கை சார்?"

"விரல் இல்லாத கை."

லொனி அதற்குமுன் கணினியில் சீட்டாட்டம்கூட ஆடியதில்லை. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் மவுஸ் என்கிற எலியைக் கொடுத்து, உட்கார வைத்தார்கள். முதல் நிமிஷத்திலேயே அவன் தலை சிதறியது. மறுபடி உயிர்வந்து எழுந்து, ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கினான். பதினான்கு வருஷப் பழக்கம் அது. பின்னாலிருந்து கத்தியால் கழுத்தை அறுத்தார்கள். அடுத்த முறை வெடிகுண்டில் கால் ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாகப் போனான். எரிந்தான். கூரையிலிருந்து தள்ளிவிடப்பட்டான். ஒரு மணி நேரத்தில் நாற்பது முறைக்குமேல் செத்தான். செத்த உடலின் மேல் எதிரிகள் ஏறி நின்று ஆடினார்கள். அந்த எதிரிகளில் ஒருத்திக்குப் பல்லுக்குக் கம்பி கட்டும் வைத்தியரிடம் போக நேரமாகிவிட்டதென்று அவள் அம்மா கூப்பிடுவது காதில் விழுந்தது.

கர்னல் அன்று மாலை அவசரக் கூட்டம் போட்டார்.

"இன்னிக்கு ஹக்கபிக்கு நடந்தத யாரும் சாவுன்னு சொல்லக் கூடாது. இந்தப் பிரிவுல யாரும் சாகறதில்ல. தற்காலிக ஓய்வுல இருக்காங்க. அறிக்கையில அப்படியே எழுதுங்க. நாற்பது ஓய்வு."

மறுநாள் நேரலையில் வேறொருவன் கேட்டான். "சார்ஜென்ட், நிஜத்துல ஒருத்தனச் சுட்டா எப்படி இருக்கும்?" இந்தக் கேள்விக்கு எல்லாரும் மனப்பாடம் செய்துவைத்திருந்த பதில் ஒன்று உண்டு: கூட்டு முயற்சியின் பெருமிதம் என்று தொடங்கும். லொனிக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

"அவன் விழல," என்றான் லொனி. "வயித்துல பட்டுச்சு. களைச்சுப்போன மாதிரி சுவர்ல சாஞ்சு உக்காந்தான். செருப்பு ஒண்ணு கழண்டு கிடந்துச்சு, அதக் காலால தேடி மாட்டப் பாத்தான். குடலக் கையால பிடிச்சுக்கிட்டே தேடினான். ரொம்ப நேரம் ஆச்சு. செருப்பு மாட்டறதுக்குள்ள போயிட்டான். நாங்க அங்கதான் சாப்பிட உக்காந்தோம், வேற நிழல் இல்ல."

அதற்குள் திரையில் கழுகுப் படம் போட்டு, பின்னணியில் பேண்டு வாத்தியத்தை ஓடவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மீதிப்பேர், அந்தக் காட்சி விளையாட்டின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேட்டார்கள்.

கர்னல் கோபப்படவில்லை. அவர் கோபத்துக்கு முன்னேற்பாடு என்று பெயர் வைத்திருந்தார்.

"உண்மை பேசறதுக்கு நான் எதிரி இல்ல ஹக்கபி. அதுக்கு ஒரு வயசு இருக்கு. அவங்க கையெழுத்துப் போடணும், பயிற்சிக்குப் போகணும், விமானம் ஏறணும். அப்புறம் தானாவே தெரிஞ்சுக்குவாங்க. நாம ஏன் அவசரப்படணும்?"

முன்னேற்பாடு இதுதான். லொனியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரை தொங்கவிட்டார்கள். திரைக்குப் பின்னால் பிரிவின் முதல் ஆட்டக்காரனான ரிங்வால்டை உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வயது, வெயில் படாத தோல், விரல்கள் மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஆடுவது ரிங்வால்ட், எலியை நகர்த்திக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வது லொனி. ஒரே வாரத்தில் விரலிழந்த சார்ஜென்ட் தோல்வி காணாத வீரனானான். அவன் கணக்கில் பிணங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவன் செய்ததெல்லாம் காலைச் சிற்றுண்டிக்குப் ரொட்டியும் குழம்பும் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்ததுதான்.

ஆகஸ்டில் பிரிவு, ஆர்க்கன்சா மாநிலத்தின் கால்டன் ஊர்ச் சந்தைக்குப் போனது. பெரிய டிரக், மடித்து விரிக்கும் மேடை, ஒரு ஜெனரேட்டர். கூடவே புதிதாக வந்திறங்கிய அதிர்வுச் சட்டைகள். விளையாட்டில் குண்டு பட்டால் உடம்பில் பட்ட இடத்தில் சட்டை குத்தும். நிஜ அனுபவம் வேண்டும் என்று மேலிடம் கேட்டிருந்தது. வேகத்தை ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு குமிழைத் திருகி ஏற்றலாம். ஒன்று, பூனை வாலால் தட்டுவது போல இருக்கும். ஐந்துக்குமேல் மனிதர்மீது பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது.

"அப்புறம் எதுக்கு சார் பத்து வரைக்கும் வெச்சாங்க?" என்று கேட்டான் லொனி.

"ஒப்பந்தத்துல பத்துன்னு இருந்துச்சு," என்றார் கர்னல்.

மேடைக்கு ஒரு பக்கம் பன்றி அழகுப் போட்டி. மறுபக்கம் பழைய கார்களை ஒன்றோடொன்று மோதி நொறுக்கும் போட்டி. படையின் அணியோடு விளையாட்டில் மோத உள்ளூரிலிருந்து ஒரு அணி வந்திருந்தது: ஊரின் கோழி ஆலையில் வேலைசெய்யும் ஐந்து பேர். அவர்களுக்குத் தலைவி டெசா கிம்ப்ரோ. இருபது வயது. பகலில் ஓடும் பட்டையில் வரும் கோழிகளின் தொடையைப் பிரித்தெடுப்பாள். மாலையில் வீட்டுக்குப் போய் ஆளைச் சுடுவாள். இரண்டிலும் அவளுக்குக் கை நடுங்குவதில்லை. அந்த மாநிலத்தில் அவளை வென்றவர் இல்லை என்று பேச்சு.

ஆட்டத்துக்கு முன்னால் தேநீர்க் கடையில் லொனியிடம் அவளே வந்து பேசினாள்.

"சார்ஜென்ட், உங்க ஆட்டத்த ஒண்ணு விடாம பாத்திருக்கேன். நானும் சேரப்போறேன். மெக்கார்வி சார் எல்லாம் ரெடி பண்ணிட்டாரு. நாள் முழுக்க இதையே ஆடலாமாமே."

மெக்கார்வி அந்த வட்டாரத்துக்கு ஆள்சேர்ப்பவர். சற்றுத் தள்ளி நின்று, அவர்கள் பேசுவதைப் பார்த்துக் கையசைத்தார்.

"மொத்தப் படையிலயும் அந்த நாற்காலி எட்டுதான்மா இருக்கு," என்றான் லொனி. "எட்டுலயும் ஆள் இருக்கு. அவ்வளவு பேர் சேர்றாங்க, மத்தவங்கள எங்க உக்கார வெப்பாங்கன்னு யோசிச்சியா?"

"உங்களுக்குக் கெடைச்சுதே."

"நான் ஆடறதில்ல" என்ற வார்த்தை லொனியின் வாய்வரை வந்தது. கர்னல் பத்தடியில் நின்று பன்றிகளுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார். லொனி தேநீரைக் குடித்தான். அது இனித்துத் தொலைத்தது.

ஆட்டம் தொடங்கியபோது நல்ல கூட்டம் இருந்தது. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துப் பேரும் அதிர்வுச் சட்டை மாட்டியிருந்தார்கள். ரிங்வால்ட் திரைக்குப் பின்னால், சட்டை இல்லாமல், குளிர்பானத்தோடு உட்கார்ந்தான். அவனைக் கணக்கில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அவன் அங்கே இல்லை.

கர்னல் மைக்கைப் பிடித்து விவரித்துக்கொண்டிருக்க, பக்கத்து மைதானத்தில் முதல் இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. தகரம் நசுங்கும் சத்தம் கேட்டதும் கூட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு காரின் கதவு பறந்தது. யாரோ ஒருவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்ததாகத் தகவல் பரவியது. மேடைக்கு முன்னால் எஞ்சியவர்கள், உட்கார்ந்தால் எழ முடியாதவர்கள் மட்டுமே.

கர்னலுக்கு இது படைக்கு நேர்ந்த அவமானமாகப் பட்டது. குமிழை நான்குக்குத் திருகினார். ஆலைக்காரன் ஒருவன் விலாவில் குத்துப்பட்டு, வாயிலிருந்த கார்ன் டாக் பலகாரத்தை முன்வரிசைமேல் துப்பினான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆறுக்குத் திருகினார். படைக்காரன் ஒருவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். கூட்டம் திரும்பி வரத் தொடங்கியது. ஏழில் மேடையைச் சுற்றி இடமில்லாமல் நெருக்கினார்கள். கார் ஓட்டியவர்களே தலைக்கவசத்தோடு இறங்கி வந்துவிட்டார்கள்.

"பாருங்க, இதுதான் வீரம்," என்றார் கர்னல் மைக்கில். "வலி அவங்களுக்கு, பெருமை நமக்கு."

லொனிக்கு விழுந்த அடி எல்லாருக்கும் விழுந்ததைவிட அதிகம். ஏனென்றால் ரிங்வால்ட் துணிச்சலாக ஆடினான். மறைவு தேடாமல் திறந்த தெருவில் ஓடினான். ஐந்து துப்பாக்கிகளுக்கு நேரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். போகப்போக, லொனியின் நெஞ்சில் சம்மட்டி இறங்கியது.

"டேய்," என்றான் லொனி, உதடு அசையாமல், திரைப்பக்கம் சாய்ந்து. "கொஞ்சம் ஒளிஞ்சு ஆடுடா."

"ஒளிஞ்சு ஆடினா பாக்க நல்லா இருக்காது சார்ஜென்ட்."

"விலா உடையுதுடா."

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. கர்னல் சார் ஒன்பதுக்கு ஏத்தப்போறாராம், கேட்டீங்களா?"

ஒன்பதில் லொனி நாக்கைக் கடித்துக்கொண்டான். ரத்தம் தாடை வழியாக இறங்கிக் குளிர்பான முத்திரையை நனைத்தது. உள்ளே ஏதோ ஒன்று குச்சி முறிவது போல முறிந்தது. அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். சரணடைபவன் தூக்குவது போலத்தான். எதிரே இருந்து டெசா அதைப் பார்த்தாள். எட்டு விரலும் காற்றில் இருக்க, திரையில் அவனுடைய ஆள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தான், குறிதவறாமல் சுட்டான், அவள் கூட்டாளி ஒருவனை முகத்தில் சுட்டு வீழ்த்தினான். சுடப்பட்டவன் ஹோலிஸ் என்ற ஆஜானுபாகுவான ஆள். நாற்காலியிலிருந்து சரிந்து, எழவில்லை.

டெசா சட்டையைக் கழற்றி எறிந்தாள். மேடையைக் கடந்து போய், கறுப்புத் திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ரிங்வால்ட் குளிர்பானக் குழலை வாயில் வைத்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ யாருடா?" என்றாள் டெசா.

"நான்தான் சார்ஜென்ட் ஹக்கபி," என்றான் ரிங்வால்ட், பழக்கதோஷத்தில்.

அவள் விட்ட குத்தில் அவன் பல் ஒன்று கர்னலின் பூட்ஸுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. முதலில் கூட்டத்திலிருந்து பறந்தது, யாரோ தின்றுகொண்டிருந்த ஒரு வறுத்த வான்கோழிக் கால். அதன் பிறகு நாற்காலிகள். ஆலைக்காரர்கள் மேடையேறினார்கள். கட்டைவிரல் பயிற்சி பெற்ற படைவீரர்கள் அவர்களிடம் அடிவாங்கினார்கள். கார்க்காரர்கள் யார் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கத்தையும் அடித்தார்கள். பன்றிகள் அவிழ்த்துக்கொண்டு ஓடி, விழுந்தவர்கள்மேல் ஏறின. ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்துக்கொண்டிருந்தான். பிற்பாடு விசாரித்ததில் இருவரும் மைத்துனர்கள், சண்டைக்கும் படைக்கும் தொடர்பில்லை. யாரோ தள்ளியதில் கர்னல் குமிழின்மேல் விழுந்தார். குமிழ் பத்தில் போய் மாட்டிக்கொண்டது. சட்டையோடு இருந்தவர்களெல்லாம் தரையில் மீன் போலத் துள்ளினார்கள். கர்னல் மைக்கை விடவில்லை.

"பொதுமக்கள் ஆர்வத்தோட பங்கேற்கிறாங்க," என்றார் அவர், படுத்த வாக்கில். "ஆள்சேர்ப்பு முகாம் மேடைக்கு இடப்பக்கம் இருக்கு. வரிசையில வாங்க."

லொனி தவழ்ந்து போய் ஜெனரேட்டரின் கம்பியைப் பிடுங்கினான். துள்ளல் நின்றது. ஹோலிஸ் மட்டும் அதற்கு முன்பிருந்தே துள்ளவில்லை. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. லொனி அவன் மேல் ஏறி மண்டியிட்டு, நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்கினான். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அவனுடைய முறிந்த விலா உள்ளே குத்தியது. கத்திக்கொண்டே அழுத்தினான். சுற்றிலும் அடிதடி நடந்துகொண்டிருக்க, டெசா ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்தவனையெல்லாம் அடித்து விலக்கினாள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது ஹோலிஸ் மூச்சுவிட்டான். முதலில் கேட்டது, யார் ஜெயித்தது என்று.

விசாரணை வேகமாக நடந்து முடிந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்திலேயே விழா வைத்தார்கள். லொனியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் விட்டார்கள். கர்னல் கையில் கட்டோடு பேசினார்.

"இத்தனை வருஷமா நாம மக்கள் மனசத் தொடணும்னு பேசிக்கிட்டு இருந்தோம். கால்டன்லதான் முதல்முறையா அவங்களத் தொட்டிருக்கோம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்துல மட்டும் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மெக்கார்வி ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரா போய்க் கேட்டிருக்காரு. அடிபட்டவன்கிட்டதான் ஒரு தெளிவு இருக்கும். அப்புறம், கடும் சண்டைக்கு நடுவுலயும் தன் இடத்த விட்டு நகராம இருந்தவருக்கு இந்தப் பதக்கம்."

பதக்கம் ரிங்வால்டுக்கு. பல் போன வாயால் நன்றி சொன்னான். லொனிக்கு, அனுமதியின்றி மின்சாரத்தைத் துண்டித்ததற்கு ஒரு எச்சரிக்கை.

விழா முடிந்து கூட்டம் கலைந்தபிறகு டெசா வந்தாள். முஷ்டியில் தையல் போட்டிருந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏழு பேர்ல நானும் ஒருத்தி," என்றாள்.

லொனி அவளையே பார்த்தான். "அவ்வளவும் பாத்த பிறகுமா?"

"பாத்ததாலதான். அடி திரைக்கு முன்னால இருக்கறவனுக்கு, பதக்கம் பின்னால இருக்கறவனுக்கு. எனக்குப் பின்னாலதான் வேலை வேணும்னு மெக்கார்விகிட்டக் கறாராச் சொல்லிட்டேன். கொடுத்துட்டாரு. நகரும் திரவ வழங்கல் நிபுணர். நாள் பூரா திரையப் பாத்துக்கிட்டே இருக்கற வேலையாம்."

லொனிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா குத்தும் என்பதால் பாதியில் நிறுத்தினான்.

"அது எண்ணெய் லாரிம்மா. பெட்ரோல நிரப்பிக்கிட்டு சண்டை நடக்கற எடத்துக்கு ஓட்டிட்டுப் போகணும். வரிசையில முதல்ல அதத்தான் அடிப்பாங்க. பத்திக்கிச்சுன்னா ஆளக் கதவோட சேத்துச் சுரண்டித்தான் எடுக்கணும். நான் எடுத்திருக்கேன்."

"திரை இருக்குன்னாரே."

"இருக்கு."

டெசா தையலைத் தடவினாள். "நீங்க என்னைய ஒரு தடவ ஏமாத்தியிருக்கீங்க, சார்ஜென்ட். கடையில நின்னு டீ குடிச்சுக்கிட்டே ஏமாத்தினீங்க. உங்க பேச்ச நான் எப்படி நம்பறது?"

"நம்பாத," என்றான் லொனி. "பஸ் ஏறி, படை முகாமுக்குப் போய்க் கையத் தூக்கிச் சத்தியம் பண்ற வரைக்கும் வேண்டாம்னு சொல்லிட்டு வரலாம். யாரும் உன்ன ஒண்ணும் பண்ண முடியாது. அத அவங்க சொல்ல மாட்டாங்க. ஏறுறதுக்கு முன்னாடி அந்தத் திரையில என்ன தெரியும்னு மெக்கார்விகிட்டயே கேளு."

கிளம்பும் நாளன்று காலை லொனியே தன் பழைய பிக்கப் வண்டியில் அவளைக் கொண்டுவந்து விட்டான். மார்பைச் சுற்றி இறுகக் கட்டியிருந்ததால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. தலையிலும் கையிலும் கட்டுப்போட்ட ஆறு பேர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மெக்கார்வி படியருகில் நின்று, படையின் பெயர் போட்ட பையொன்றை டெசாவின் தோளில் மாட்டிவிட்டார்.

"ஒரு சந்தேகம் சார்," என்றாள் டெசா. "என் வேலையில ஒரு திரை இருக்குன்னீங்களே, அதுல என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும்."

"முன்னால இருக்கறது தெரியுமா?"

மெக்கார்வி மோசமான பொய்யர் அல்ல. அந்தக் கேள்விக்கு அவரைத் தயார் செய்யவில்லை, அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பின்னால வர்றது தெரியும்," என்றார். "ரிவர்ஸ் எடுக்கும்போது."

"முன்னால?"

"முன்னால கண்ணாடி இருக்கும்மா. அதுவழியா நீதான் பாத்துக்கணும்."

டெசா பையைத் தோளிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் நாட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அவள் அதற்குள் நடந்துவந்து லொனியின் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ஆலையில விட்டுருங்க," என்றாள். "ரெண்டாவது ஷிப்டு பிடிச்சுடலாம்."

லொனி வண்டியைக் கிளப்பினான். பஸ்ஸின் ஜன்னல் வழியாக, தலையில் கட்டுப்போட்டவன் ஒருவன் பாதி உடம்பை வெளியே நீட்டி, "சார், எனக்கு சமையல் உதவின்னு சொன்னீங்களே, அது எந்தச் சமையல் சார்?" என்று கேட்பது அவன் காதில் விழுந்தது. அவனுக்குப் பின்னால் இன்னொரு குரலும் ஏதோ கேட்கத் தொடங்கியது.

மெக்கார்வி டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். பஸ்ஸின் கதவு சாத்திக்கொண்டது.